ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எதற்கு?





சென்ற இதழில் வெளியான வரவு செலவு விவரத்தில் "நிர்வாக மென்பொருள், ஊழியர் பயிற்சி" என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்ட நமது ஆதரவாளர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகளாகத் தம்முடைய ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் தவறாமல் அனுப்பி வருகிற பெரியவர் அவர். ஏழை நோயாளிகளின் மருந்துக்காக ஜெபித்துக் கொடுத்த பணம் கம்ப்யூட்டருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டிருந்தார். அவருக்குத் தனியே பதில் எழுதினோம். உங்களில் மற்றவர்களுக்கும் அதே கேள்வி இருக்கக்கூடும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறோம்.

ஏழை நிதிக்கென்று வந்த பணத்தில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படவில்லை. பொது நிதியிலிருந்தே செலவு செய்தோம். ஆனால் பொது நிதியும் உங்கள் காணிக்கைதான். ஆகவே கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதோடு, இது எங்களுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் தோற்றுப்போனோம். அதைச் சொல்லாமல் இதைச் சொல்வது நேர்மையாகாது.

ஒரு மாத்திரையின் பயணம்

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரை கொடுக்கப்படும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். டாக்டர் சீட்டில் எழுதுகிறார். வார்டு சிஸ்டர் அதை இண்டெண்ட் புத்தகத்தில் எழுதுகிறார். பார்மசியில் கொடுத்ததற்கு ஒரு நோட்டு. பில் போடுகிற இடத்தில் இன்னொரு நோட்டு. பணம் கட்டினால் ரசீதும் ரொக்கப் புத்தகமும். மாலையில் கணக்கர் அதைப் பேரேட்டில் ஏற்றுகிறார். ஸ்டோரில் இருப்பு குறைந்தால் அங்கே ஓர் அட்டையில் கழித்து, வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் மறுபடியும் எழுதுகிறார்கள். ஒரே மாத்திரை, ஏழெட்டு இடங்களில், ஏழெட்டுக் கைகளால் எழுதப்படுகிறது. எழுதுகிற எல்லாருமே உண்மையாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு நோட்டுக்கு மற்ற நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

நிர்வாக மென்பொருள் என்பது இந்த ஏழெட்டு நோட்டுகளையும் ஒன்றாகக் கட்டுகிற ஏற்பாடு. ஒருவர் ஒரு முறை எழுதினால் போதும். அது ஸ்டோருக்கும் தெரியும், பில்லிலும் சேரும், பேரேட்டிலும் ஏறும். இது முதலில் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்தது. இத்தனை மோட்டார் செய்ய இத்தனை திருகாணி எப்போது வேண்டும் என்று கணக்கிடுவதே ஆரம்பத்தில் அதன் வேலை. ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் 1972-ல் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனம் இதில் பெரிய பெயர் பெற்றது. இப்படிப்பட்ட மென்பொருளுக்கு ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது. பெயர் புதிது, உள்ளே இருக்கிற கணக்கு முறை பழையது. வரவுக்கு ஒரு பக்கம், பற்றுக்கு ஒரு பக்கம் என்று எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸ் நகரத்தில் முதன்முதலாக அச்சில் விளக்கி வெளியிட்டவர் லூக்கா பாச்சியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. சந்நியாசிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்வதுண்டு.

முதல் முயற்சி

2016-ல் நாங்கள் ஒரு மென்பொருள் வாங்கினோம். விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தவறு பெரும்பாலும் எங்களுடையதே.

நிர்வாகக் குழுவினர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, திரையில் ஓடிய விளக்கத்தைப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டோம். ஸ்டோரை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்த அண்ணனை அந்த அறைக்கு நாங்கள் அழைக்கவில்லை. இரவு நேரத்தில் பார்மசியில் தனியே இருக்கிறவரையும் அழைக்கவில்லை. வார்டு சிஸ்டர்களுக்கு, வாங்கி முடித்த பிறகு ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம்.

அந்த மென்பொருளில் முதலில் பில், பிறகு மருந்து என்பதே சட்டம். நோயாளியின் பெயர், வயது, விலாசம், போன் நம்பர் எல்லாம் பதிந்து, பணம் கட்டிய ரசீது எண் விழுந்தால்தான் பார்மசியில் மருந்தை எடுக்க முடியும். வியாபாரத்துக்கு அது சரி. ஓர் இரவு, வயலில் கண்ணாடி விரியன் கடித்த ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். முதலிலேயே 10 குப்பி தேவைப்படும். கூட வந்த மனைவியின் கையில் பணமும் இல்லை, கணவரின் பிறந்த தேதியும் தெரியாது. திரை அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. பார்மசியில் இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோய், அலமாரியைத் திறந்து குப்பிகளை எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதி வைத்தார். அவர் செய்தது முற்றிலும் சரி. தேவ கிருபையால் அந்த மனிதர் பிழைத்தார்.

அந்தக் காலண்டர் தாள் யார் மேஜையிலோ தங்கிவிட்டது. சில நாள் கழித்து இன்னொரு பாம்புக்கடி வந்தபோது, கம்ப்யூட்டர் 12 குப்பி இருப்பதாகக் காட்டியது. அலமாரியில் இருந்தது 2. நள்ளிரவில் ஜீப்பை அனுப்பி, அரசு மருத்துவமனையிலிருந்து கடன் வாங்கி வந்தோம். அந்த இரண்டு மணி நேரத்தை எங்களில் யாரும் மறக்கவில்லை.

இதற்கிடையே, "எங்கள் நோட்டில் இருக்கிறபடியே திரையிலும் வேண்டும்" என்று நாங்கள் கேட்டுக்கேட்டு அந்த மென்பொருளில் பல மாற்றங்களைச் செய்ய வைத்திருந்தோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. நிறுவனம் எல்லாருக்கும் அனுப்பிய புதிய பதிப்பு, இத்தனை ஒட்டுப்போட்ட எங்கள் மென்பொருளில் பொருந்தவில்லை. உள்நோயாளிக்குச் சிகிச்சையின் பகுதியாகக் கொடுக்கும் மருந்துக்கு வரி இல்லை. வெளிநோயாளிக்கு விற்கும் அதே மருந்துக்கு வரி உண்டு. இந்த வித்தியாசத்தை அதனால் பிரிக்க முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நோட்டுகளுக்கே திரும்பிவிட்டோம். கணக்குப் பிரிவில் ஏற்கெனவே இருந்த டேலி மட்டும் நின்றது. உங்கள் பணத்தில் வாங்கிய ஒரு பொருள் வீணாகிப் போயிற்று. இதை அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

சாக்லேட் எங்கே போயிற்று?

தோற்றவர்கள் நாங்கள் மட்டும் அல்ல என்பது ஆறுதல் அல்ல. ஆனாலும் பாடம் உண்டு. அமெரிக்காவில் சாக்லேட் செய்கிற ஹெர்ஷி நிறுவனம் 1999 ஜூலையில் மிகுந்த செலவில் புதிய மென்பொருளுக்கு மாறியது. அந்த நாட்டில் அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற ஒரு பண்டிகை உண்டு. அதற்கான ஆர்டர்கள் வந்து குவிகிற நேரத்தில் மாறியதால், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைக் கடைகளுக்குக் கொடுக்க முடியாமற்போயிற்று. சரக்கு இல்லாமல் அல்ல. சரக்கு இருந்தது. பண்டிகை நெருக்கடியில், வாடகைக்கு எடுத்த இடங்களிலும் தொழிற்சாலையின் காலி அறைகளிலும் சரக்கை அடுக்கி வைப்பது அங்கே பழைய வழக்கம். அந்த இடங்களைக் கிடங்கு என்று கம்ப்யூட்டரில் யாரும் பதியவில்லை. பதியாத இடத்தில் இருக்கிற சாக்லேட் கம்ப்யூட்டருக்கு இல்லாத சாக்லேட்டே.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஹெர்ஷி நினைவுக்கு வரவில்லை. எங்கள் வார்டு அலமாரிகள்தான் நினைவுக்கு வந்தன.

ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு வார்டிலும் சிஸ்டரின் அலமாரி ஒன்று உண்டு. அதில் நாலு பாட்டில் குளுக்கோஸ், கொஞ்சம் ஊசி மருந்து, பஞ்சு, கையுறை என்று எந்தக் கணக்கிலும் இல்லாத இருப்பு இருக்கும். சிஸ்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஸ்டோர் பூட்டியிருக்கும்போது ஒரு பிரசவ கேஸ் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் வைக்கிறார். ஸ்டோர் ஒரு முறை ஏமாற்றிவிட்டால், அடுத்த முறை 10 கேட்க வேண்டிய இடத்தில் 20 கேட்பார். 20 கேட்பார் என்று தெரிந்து ஸ்டோர் அண்ணன் 10 கொடுப்பார். எல்லா வார்டும் இப்படிக் கேட்க, ஸ்டோர் தேவைக்கு மிஞ்சி வாங்கும். மிஞ்சியது அலமாரிகளில் முடங்கும், சில காலாவதியாகும். ஒரு வார்டில் ஒரு மருந்து தேதி கடந்து கிடக்க, அடுத்த வார்டில் அதே மருந்து இல்லை என்று நோயாளியின் உறவினரை வெளிக்கடைக்கு அனுப்புவோம். ஏழை ஒருவர் கடன் வாங்கி வெளிக்கடையில் வாங்கி வந்த மருந்து, பத்தடி தூரத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது என்று பிற்பாடு கண்டறிந்த நாட்களும் உண்டு.

ஆகவே இரண்டாம் முறை மென்பொருளிலிருந்து தொடங்கவில்லை. அலமாரியிலிருந்து தொடங்கினோம்.

எண்ணினோம்

2023-ல் எல்லா சிஸ்டர்களையும், ஸ்டோர், பார்மசி, கேஷ் கவுண்டர் ஊழியரையும் சிற்றாலயத்தில் கூட்டி மருத்துவக் கண்காணிப்பாளர் அம்மா பேசினார்கள். "அலமாரியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்" என்றார்கள். மூத்த சிஸ்டர் ஒருவர் எழுந்து, "எடுத்துக் கொடுத்துவிட்டு ராத்திரியில் எங்கே போய் நிற்பது, மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வார்டுக்கும் அவசர இருப்பு இவ்வளவு என்று அந்த சிஸ்டர்களே தீர்மானிப்பது, அது அவர்கள் சாவியிலேயே இருப்பது, ஆனால் கணக்கில் பதிந்திருப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு வாக்குறுதி இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் இங்கே நின்றிருக்காது என்பது எங்கள் எண்ணம்.

பிறகு எண்ணினோம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்றா, ஆலயத்துக்கென்று கொடுக்கப்பட்ட வெள்ளியையும் பொன்னையும் பணிமுட்டுகளையும் புறப்படுகிற இடத்தில் நிறுத்துக் கொடுத்து, எருசலேமில் மறுபடியும் நிறுத்து, எண்ணிக்கையும் நிறையும் எழுதி வைத்த செய்தியை எஸ்றாவின் புஸ்தகம் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த அதிகாரத்தை நாங்கள் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அந்த வாரத்தில்தான் அதன் உழைப்பு புரிந்தது. நம் வேதாகமத்தில் வரும் உக்கிராணக்காரன் என்ற சொல்லும் அப்போது வேறு விதமாகக் கேட்டது. உக்கிராணம் என்றால் பண்டசாலை. பிரசங்கங்களில் நாம் பெரிய அர்த்தத்தில் சொல்கிற அந்தப் பதவி, முதலாவது ஸ்டோர் அண்ணனுடைய பதவி.

எண்ணுவதைவிடக் கடினமாக இருந்தது பெயர் வைப்பது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை எங்கள் நோட்டுகளில் ஐந்து விதமாக இருந்தது: ஒருவர் சுருக்கி எழுதுவார், ஒருவர் கம்பெனிப் பெயரை எழுதுவார், ஒருவர் காய்ச்சல் மாத்திரை என்றே எழுதுவார். மனிதர்களுக்கு அது ஒன்றே; கம்ப்யூட்டருக்கு ஐந்து மருந்துகள். அளவும் அப்படித்தான். ஸ்டோரில் பெட்டி, பார்மசியில் அட்டை, வார்டில் மாத்திரை. ஒரு பெட்டியில் 10 அட்டை, ஒரு அட்டையில் 10 மாத்திரை என்றால், வெறுமனே "10" என்று எழுதினால் அது பெட்டியா, மாத்திரையா? முன்பு வாங்கிய மென்பொருளில் இந்தக் குழப்பம் அப்படியே உள்ளே போயிருந்தது. இந்த முறை ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே பெயர், ஒரே அளவு, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி என்று பட்டியல் முடிக்கவே ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரையில் மென்பொருள் வாங்கவில்லை. இந்தப் பட்டியலைச் செய்தவர் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்த ஸ்டோர் அண்ணன்தான். எந்த மருந்து எந்தத் தட்டில், எந்தக் கம்பெனி நாள் தவறாமல் அனுப்பும், மழைக்காலத்தில் எது இரட்டிப்பாகத் தேவைப்படும் என்பதெல்லாம் அவர் ஞாபகத்தில் மாத்திரம் இருந்தது. அவர் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகிற நாளில் அதுவும் கூடவே போய்விடும் என்பதை யோசிக்காமலே நாங்கள் முப்பது ஆண்டுகள் ஓட்டியிருந்தோம்.

மாற்றக்கூடாதவை

மென்பொருளை நம் பழக்கத்துக்கு வளைப்பதா, நம் பழக்கத்தை மென்பொருளுக்கு மாற்றுவதா என்பது எல்லா நிறுவனங்களிலும் வருகிற சண்டை. பெரும்பாலும் நாமே மாறிவிடுவதுதான் நல்லது. பில்லில் நம் பழைய வரிசை இல்லை என்பதற்காகப் பணம் செலவழித்து மாற்றினால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அந்தத் தொல்லை திரும்பி வரும். இதை 2017-ல் கற்றோம். ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கவில்லை. அவசர நோயாளிக்குப் பெயர், பணம் எதுவும் கேட்காமல் ஒரு தற்காலிக எண்ணில் மருந்து எடுக்க முடிய வேண்டும். விவரங்களை மறுநாள் நிரப்பலாம். இது முதலாவது.

மற்றொன்று ஏழைகளுக்கான சலுகை. வியாபார மென்பொருள்களில் பில் தொகையைக் குறைக்க "தள்ளுபடி" என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய மென்பொருளில் எங்கள் இலவச சிகிச்சை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் விழுந்தது. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி கொடுப்பதுபோல, விதவைத் தாய் ஒருவரின் ஆபரேஷன் செலவை நீங்கள் சுமந்தது "விற்பனைத் தள்ளுபடி" என்று ஆண்டறிக்கையில் வந்தது. அந்த ஆண்டு நமது ஏழை நிதி எத்தனை பேருக்கு உதவிற்று என்று கேட்டால் சொல்ல முடியாமல் நின்றோம். இப்போது அது தனிக் கணக்கு. யாருக்கு, எதற்கு, எந்த நிதியிலிருந்து, யார் ஒப்புதலில் என்பது பதிகிறது.

வெளிநாட்டுக் காணிக்கைக்கும் தனிப் புத்தகம் வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அது முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே வந்துசேர வேண்டும்; நிர்வாகச் செலவுக்கும் 20 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. உள்நாட்டுப் பணத்தோடு ஒரு ரூபாய் கலந்தாலும் சிக்கல். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து வங்கி மூலம் தங்கள் சம்பாத்தியத்தில் அனுப்புவது அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம் அல்ல; குடியுரிமை மாறியவர்கள் அனுப்புவது வெளிநாட்டுப் பணம். ஆகவே உங்கள் குடியுரிமையை நாங்கள் கேட்கும்போது தவறாக நினைக்க வேண்டாம்.

இலவச மென்பொருள் கிடைக்கிறதே என்று ஒரு சகோதரர் கேட்டார். உண்மைதான். சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்து மருத்துவமனைக்காகத் தொடங்கி உருவாக்கப்பட்ட பாம்னி என்ற மென்பொருள், யாரும் விலையில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது, நல்ல முயற்சி. நாங்களும் அதைப் பரிசீலித்தோம். ஆனால் உரிமத்துக்கு விலை இல்லையே தவிர, சர்வர், பேட்டரி, கோளாறு வந்தால் பார்க்கிற ஆள், பயிற்சி இவற்றுக்கு விலை உண்டு. எங்களிடம் அந்த ஆள் இல்லாததால் தமிழ்நாட்டிலேயே ஆதரவு தருகிற ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். அந்த ஆள் கிடைக்கிற ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆலோசனை வேறாக இருக்கும்.

மாறிய நாள்

ஏப்ரல் 1 நிதியாண்டின் முதல் நாள். அன்றே மாறலாம் என்று கணக்கர் விரும்பினார். ஆண்டுக் கணக்கை முடிக்கிற பாரத்தோடு இதுவும் சேரும் என்று தள்ளினோம். வடகிழக்குப் பருவமழையில் காய்ச்சல் நோயாளிகள் வராந்தாவில் படுத்திருப்பார்கள். கிறிஸ்மஸில் பாதி ஊழியர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஹெர்ஷி செய்த தவறைச் செய்ய வேண்டாம் என்று, கூட்டம் குறைவான 2024 பிப்ரவரியைத் தெரிந்துகொண்டோம். எல்லாப் பிரிவையும் ஒரே நாளில் மாற்றவும் இல்லை. முதலில் ஸ்டோர், பிறகு பார்மசி, பிறகு பில். ஒவ்வொன்றிலும் ஆறு வாரம் நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடின. அந்த வாரங்கள் இரட்டை வேலை. சிலர் அழுதார்கள் என்று சொன்னால் மிகையல்ல. கேஷ் கவுண்டரில் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், "என்னை அனுப்பிவிடத்தானே இதெல்லாம்?" என்று நேராகவே கேட்டார்கள். இதனால் ஒருவரும் வேலை இழக்கமாட்டார் என்று நிர்வாகக் குழு எழுத்தில் கொடுத்தது. இன்று புதிதாய் வருகிற பிள்ளைகளுக்குப் பில் போடக் கற்றுக்கொடுப்பவர் அவர்களே.

அமெரிக்காவில் பாக்ஸ்மேயர் என்ற பெரிய மருந்து மொத்த வியாபார நிறுவனம் 1993-ல் இப்படிப்பட்ட மென்பொருளை நிறுவத் தொடங்கி, 1996-ல் திவாலாயிற்று. மென்பொருள் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தங்கள் கிடங்குகள் மூடப்படும் என்று கேள்விப்பட்ட தொழிலாளர்கள் மனம் உடைந்து போனது அதில் ஒரு பங்கு. கேஷ் கவுண்டர் அம்மாவின் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்ததன் மதிப்பு எங்களுக்கு அப்போது தெரிந்தது.

மின்சாரம் போனால்? எல்லா கவுண்டரிலும் எண்ணிட்ட காகிதச் சீட்டுக் கட்டு இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அந்த எண்கள் எல்லாம் ஏறிவிட்டனவா என்று ஒருவர் சரிபார்க்க வேண்டும். காலண்டர் தாளுக்கு இனி வேலை இல்லை.

இப்போது எப்படி?

இன்னும் மூன்று மாதத்தில் காலாவதியாகிற மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருகிறது. முதலில் காலாவதியாவது முதலில் செலவாகிறது. இன்சுலின் எந்த வார்டில் எத்தனை என்று ஸ்டோரிலிருந்தே பார்க்க முடிகிறது. 2014 மார்ச் முதல், சில வகை ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து முதலியவற்றைக் கொடுக்கும்போது நோயாளி, டாக்டர் பெயருடன் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்தப் பதிவேடும் தானே உருவாகிறது. 2025 செப்டம்பர் 22-ல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, முந்தின நாள் மாலையிலேயே மாற்றி முடித்து, காலையில் புதிய விலையில் பில் போட்டோம்.

சங்கடமானதும் உண்டு. முதல் அறிக்கை வந்தபோது, விலை குறைந்த மருந்து இருக்கும்போதே விலை கூடிய கம்பெனி மருந்தை எந்தெந்தப் பிரிவு அதிகம் எழுதுகிறது என்பதும் அதில் இருந்தது. நோட்டுக் காலத்தில் அது யார் கண்ணிலும் படாது. டாக்டர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்து பேசினார்கள், பட்டியல் சற்று மாறியது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. லேபரேட்டரி இன்னும் இணைக்கப்படவில்லை. டாக்டர்கள் இன்னும் கையால்தான் சீட்டு எழுதுகிறார்கள். பார்மசியில் ஒருவர் படித்து ஏற்றுகிறார். அவர்களை அவசரப்படுத்தவில்லை. லாஸ் ஏஞ்சலிசில் சீடார்ஸ்-சைனாய் என்ற பெயர்பெற்ற மருத்துவமனை, டாக்டர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரிலேயே மருந்து எழுத வேண்டும் என்று கொண்டுவந்த மென்பொருளை, அவர்களுடைய எதிர்ப்பினால் 2003-ல் சில மாதங்களிலேயே நிறுத்த நேர்ந்தது. அவர்களுக்கே அப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

ஸ்டோர் அண்ணன் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு வந்திருக்கிற தம்பிக்காகவும், லேபரேட்டரி இணைப்பு வேலைக்காகவும், சர்வருக்கு வாங்க வேண்டிய புதிய பேட்டரிகளின் தேவைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காசோலையின் பின்புறத்திலோ, வங்கி மூலம் அனுப்பும்போது குறிப்பிலோ, உங்கள் காணிக்கை ஏழை நிதிக்கா, மருந்து நிதிக்கா, கட்டட நிதிக்கா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதாமல் வருவது பொது நிதியில் சேர்க்கப்படுகிறது. எழுதி வருவது அந்த நிதியில் மாத்திரமே ஏறும். அதை வேறு எதற்கும் எடுக்க மென்பொருள் விடாது. உங்கள் காணிக்கை எந்த மாதத்தில் எதற்குச் செலவாயிற்று என்று அறிய விரும்பினால் ரசீது எண்ணைக் குறித்து எழுதுங்கள். ஏழை நிதியிலிருந்து கொடுத்தவற்றின் விவரத்தை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், அச்செடுத்து அனுப்புகிறோம். கடிதம் எழுதிய பெரியவருக்கு முதல் பிரதி போயிருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்